இசைத்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு பெயர்: யார் இந்தப் போலின்யாக் இளவரசி?

மோரிஸ் ராவெல் 1899இல் எழுதிய 'பாவேன்' என்ற பியானோ இசையை இணையத்தில் கேட்பவர்கள், கூடவே ஓடும் இசைத்தாளில் தலைப்பை ஒட்டி ஒரு சமர்ப்பணத்தைப் பார்த்திருக்கலாம்: போலின்யாக் இளவரசிக்கு. ஸ்ட்ராவின்ஸ்கியின் பியானோ சொனாட்டாவிலும் அதே பெயர். பூலாங்க்கின் ஆர்கன் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியம் முன்னிற்க, வாத்தியக்குழு கூடவே வாசிக்கும் படைப்பு), எரிக் ஸாட்டியின் 'சாக்ரடீஸ்', மனுவேல் தே ஃபாயாவின் பொம்மலாட்ட ஓபரா என்று தேடிக்கொண்டே போனால் இவர் வந்துகொண்டே இருப்பார்.

எந்த ராஜாவின் மகள் இவர்? எந்த ராஜாவின் மகளும் இல்லை. தையல் மெஷின் விற்ற சிங்கரின் மகள் வின்னரெட்டா.

இவரைப் பற்றிப் படிக்கப் போனால் குழப்பம் இன்னும் கூடும். ஓரிடத்தில் பியானோ, ஆர்கன் கலைஞர் என்றிருக்கும், இன்னோரிடத்தில் ஓவியர், மற்றோரிடத்தில் பணக்காரப் புரவலர். எல்லாமே சரிதான். ஆனால் இவையெல்லாம் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன, அதனால் இசைக்கு என்ன ஆனது என்பதைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. காசு கொடுத்தார், கலைஞர்கள் எழுதினார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். நடந்தது அவ்வளவு எளிதல்ல.

## முதலில் நாலு சொற்கள்

1. சலோன்: பாரிஸில் வசதியான வீட்டுப் பெண்மணி ஒருவர், குறிப்பிட்ட நாட்களில் தன் வீட்டுக் கூடத்தில் ஆட்களைக் கூட்டி நடத்தும் சபை. பேச்சு, கவிதை, இசை என்று வீட்டுக்கு வீடு மாறும். டிக்கெட் கிடையாது. அழைப்பு வந்தால்தான் உள்ளே போகலாம்.

2. சமர்ப்பணம்: படைப்பாளி தன் படைப்பின் முகப்பில் ஒருவர் பெயரைப் போடுவது. நன்றிக்காக இருக்கலாம், மரியாதைக்காக இருக்கலாம். நாளைக்கு ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கையாகவும் இருக்கலாம். இதில் பணம் கைமாற வேண்டியதில்லை.

3. ஒப்பந்தப் படைப்பு: இன்ன மாதிரி ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டு, தொகை பேசி, முன்பணம் கொடுத்து எழுதவைப்பது.

4. தனி அரங்கேற்றம், பொது அரங்கேற்றம்: முன்னது சலோனில், அழைக்கப்பட்டவர்கள் முன்னால். பின்னது அரங்கில், டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால். அதனால் ஒரே படைப்புக்கு இரண்டு 'முதல் நாள்' இருக்கும். புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ராவெலின் 'பாவேன்' வெறும் சமர்ப்பணம். இளவரசி கேட்டு எழுதியதல்ல. பூலாங்க்கின் ஆர்கன் கான்செர்ட்டோவில் இரண்டிலிருந்து நான்கு வரை எல்லாமே உண்டு. இரண்டையும் 'போலின்யாக் ஆதரவில் பிறந்தவை' என்று ஒரே கூடையில் போடுவது தப்பு.

## பணம் வந்த வழி

வின்னரெட்டா சிங்கர் 1865 ஜனவரி 8 அன்று நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா ஐசக் மெரிட் சிங்கர் முதலில் நாடக நடிகர், அப்புறம்தான் மெஷின். 1851இல் அவர் வாங்கிய காப்புரிமை பிரபலம். ஆனால் சொத்தைக் குவித்தது அந்தக் காப்புரிமை மட்டுமல்ல. தொழில் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணை முறைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. கொஞ்சம் முன்பணம் கட்டி மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மீதியை மாதாமாதம் கட்டலாம். விலை முழுவதையும் ஒரே தடவையில் புரட்ட முடியாத குடும்பங்கள் இப்படித்தான் மெஷின் வாங்கின. உலகம் முழுக்கக் கடை விரிந்தது. 1877இலேயே இலங்கையில் சிங்கர் வந்துவிட்டது. காலால் மிதிக்கும் அந்தக் கறுப்பு மெஷின், தங்க நிற எழுத்தோடு, நம் ஊர்த் தையற்கடைகளில் இன்னும் ஓடுகிறது. பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கிக்குப் போன காசின் ஊற்று அந்த மெஷின்தான்.

ஐசக்குக்குப் பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்த விவகாரம் வெடித்த பிறகு அமெரிக்காவில் தலைகாட்ட முடியவில்லை. பாரிஸ் பெண்ணான இசபெல்லா பாயரை மணந்துகொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். முதலில் பாரிஸ், 1870இல் போர் வந்ததும் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் பெயின்டன். அங்கே அரண்மனை மாதிரி ஒரு வீடு கட்டத் தொடங்கி, அது முடிவதற்குள் 1875இல் இறந்துபோனார். இசபெல்லாவின் மகளான வின்னரெட்டாவுக்கு அப்போது பத்து வயது. சொத்தில் அவருக்கு வந்த பங்கு, வாழ்நாள் முழுக்க யாரையும் கைநீட்டிக் கேட்கத் தேவையில்லாத அளவு.

அம்மா பாரிஸுக்குத் திரும்பி, 1879இல் விக்டர் ரூப்சாட் என்ற இசைக்காரரை மறுமணம் செய்தார். இந்த மாற்றாந்தந்தை கம்போசெலிசே பிரபு என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். ஸ்ட்ராடிவாரி வயலின்களை வாங்கிக் குவித்தார். வீட்டுக் கூடத்தில் அந்த வாத்தியங்களில் பீத்தோவன் நால்வரிசை, அதாவது நான்கு நரம்பு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை, ஒலித்துக்கொண்டிருந்தது. பதினான்காம் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது வின்னரெட்டா சொன்னது: பீத்தோவனின் பதினான்காவது நால்வரிசையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது பீத்தோவனின் கடைசிக் காலப் படைப்பு. நாற்பது நிமிடத்துக்கு இடைவெளியே இல்லாமல் ஓடும். பெரியவர்களே தடுமாறும் இசை. என்னைக் கேட்டால், இவர் பின்னாளில் செய்த எல்லாவற்றுக்கும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. கடினமானது எது என்று தெரிந்து, அதையே விரும்பிக் கேட்ட காது.

## மேடை ஏற முடியாத பியானோ கலைஞர்

பியானோவும் ஆர்கனும் இவர் நன்றாகவே வாசித்தார். ஓவியமும் முறையாகக் கற்றார். ஆனால் அந்த வர்க்கத்துப் பெண் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிப்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். திறமை இருந்தாலும் வீட்டுக்குள்தான். இப்படிப்பட்ட பெண்களுக்கு இருந்த ஒரே மரியாதையான மேடை சலோன். அங்கே வாசிக்கலாம், ஒத்திகை பார்க்கலாம், நிகழ்ச்சி நிரலைத் தானே முடிவு செய்யலாம். நடைமுறையில், சம்பளமில்லாத இசை இயக்குநர் வேலை.

பாரிஸில் இதற்கு முன்மாதிரிகளும் இருந்தன. மார்கரீத் தெ சேன்-மார்சோ என்ற பெண்மணியின் சலோனில் இசையமைப்பாளர்கள் ஃபோரே, ராவெல் எல்லாரும் சகஜமாக வந்து போனார்கள். பல பணக்காரச் சலோன்களில் இசை என்பது பேச்சுக்குப் பின்னணி. மார்கரீத்தின் வீட்டிலும் வின்னரெட்டாவின் வீட்டிலும் அப்படியில்லை. வாசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

சொந்தப் பணம் கைக்கு வந்ததும் வின்னரெட்டா பாரிஸின் பதினாறாம் வட்டாரத்தில், அவென்யூ ஹென்ரி-மார்த்தான் முனையில் ஒரு வீடு வாங்கினார். அங்கே தன் ஓவியக்கூடத்தையே இசைக்கூடமாக்கி, கவையே-கோல் பட்டறையில் செய்த ஒரு ஆர்கனையும் நிறுவினார். ஆர்கன் என்றால் தேவாலயத்தில் இருக்கும் குழாய் வாத்தியம்; கவையே-கோல் அந்தக் காலத்தில் பிரான்சின் தலைசிறந்த ஆர்கன் தயாரிப்பாளர். ஒரு வீட்டுக்குள் அவருடைய ஆர்கன் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் அது வேலைக்கு வரும்.

## இரண்டு கல்யாணங்களின் கணக்கு

வீடு, பணம், திறமை எல்லாம் இருந்தும் ஒரு தடை. கல்யாணமாகாத இளம்பெண் சலோன் நடத்தினால் 'நல்ல குடும்பத்து' ஆட்கள் வரமாட்டார்கள். அமெரிக்க வியாபாரியின் மகள் என்பது இன்னொரு குறை. பட்டம் வேண்டும்; பட்டத்துக்குக் கல்யாணம் வேண்டும்.

1887இல் லூயி தெ ஸே-மோன்பெலியார் என்ற இளவரசரை மணந்தார். அது சரிப்பட்டு வரவில்லை. வின்னரெட்டாவின் நாட்டம் பெண்களிடம்தான். அதை அவர் நெருங்கிய வட்டத்தில் மறைத்ததில்லை. 1892இல் ரோம் அந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தது. கத்தோலிக்கச் சமூகத்தில் விவாகரத்தைவிட இது மேல், மறுமணத்துக்குத் தடையில்லை.

1893 டிசம்பரில் எட்மோன் தெ போலின்யாக் இளவரசரை மணந்தார். அவருக்கு 59 வயது, இவருக்கு 28. எட்மோனின் அப்பா 1830இல் பத்தாம் சார்லஸ் மன்னரின் பிரதமராக இருந்தவர். குடும்பப் பெயர் பெரிது, கையில் காசு குறைவு. எட்மோனின் நாட்டமோ ஆண்களிடம். இருவரும் தெரிந்தே, ஒருவர் சுதந்திரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்ற புரிதலோடு செய்துகொண்ட கல்யாணம் இது.

இதை வெறும் பண்டமாற்று என்று எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எட்மோன் ஒரு இசையமைப்பாளர். முழுச்சுரமும் அரைச்சுரமும் மாறி மாறி வரும் எட்டுச்சுர வரிசையை 1879 வாக்கிலேயே முறைப்படி ஆராய்ந்து அதில் இசை எழுதிப் பார்த்தவர். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் பின்னாளில் முக்கிய இடம் பிடித்தது அந்த வரிசைதான். கல்யாணத்துக்கு முன் ஒரு ஏலத்தில் மோனேயின் ஓவியத்துக்கு எட்மோன் கேட்டாராம். யாரோ ஒரு அமெரிக்கப் பெண் அதிக விலைக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டாராம். பிறகு அந்தப் பெண்ணையே மணந்ததால் ஓவியமும் வீட்டுக்கு வந்ததாம். இதைப் பதிவு செய்தவர் எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட், 1903இல் 'ஃபிகாரோ' நாளிதழில் இந்தச் சலோனைப் பற்றிப் புனைபெயரில் எழுதிய கட்டுரையில். எட்மோன் 1901இல் இறந்தார். அதன் பிறகு வின்னரெட்டா மறுமணம் செய்யவில்லை, தேவையும் இருக்கவில்லை.

பாரிஸில் உலவிய ஒரு கதை: உயர்குடிக்காரர் ஒருவர், "என் பெயரும் உங்கள் பெயருக்குச் சமம்தான்" என்றாராம். "காசோலையின் அடியில் போடும்போது இல்லை" என்றாராம் இளவரசி. நடந்ததோ இல்லையோ, அவரைத் தெரிந்தவர்கள் நம்பிய கதை.

## ஒரு கூடம் எப்படிப் புகழை உண்டாக்கியது

இருநூறு பேர் உட்காரும் வீட்டுக் கூடத்தில் ஒரு இசை ஒலித்தால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று தோன்றலாம். படிப்படியாகப் பார்ப்போம்.

1. அந்தக் காலத்துப் பாரிஸில் இசையமைப்பாளருக்கு முக்கிய வழி ஓபரா அரங்கும் பெரிய வாத்தியக்குழுக்களின் கச்சேரியும். இரண்டிலும் புதியவரை எடுத்த எடுப்பில் உள்ளே விடமாட்டார்கள்.

2. சலோனில் அந்த வரிசை கிடையாது. எழுதி முடித்த கையோடு வாசிக்கலாம், தப்பு தெரிந்தால் திருத்தலாம்.

3. வந்து உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அரங்க நிர்வாகிகள், வாத்தியக்குழு நடத்துநர்கள், பதிப்பாளர்கள், பத்திரிகைக்காரர்கள், பெட்டி இருக்கைகளுக்குச் சந்தா கட்டும் பணக்காரர்கள். நாளைக்கு அரங்கை நிரப்பப் போகிறவர்களும் நிதி கொடுக்கப் போகிறவர்களும் அதே இருநூறு பேர்.

4. மறுநாள் நாளிதழின் சமூகச் செய்திப் பகுதியில் நேற்று யார் வந்தார்கள், என்ன வாசித்தார்கள் என்று வந்துவிடும். விளம்பரச் செலவே இல்லாத விளம்பரம்.

5. அப்புறம்தான் பொது அரங்கேற்றம். அதற்குள் பேச்சு பரவியிருக்கும்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் பியானோ கான்செர்ட்டோவுக்கு நடந்தது இதுதான். 1924 மே மாதம் பொது அரங்கேற்றத்துக்குச் சில நாட்கள் முன்பு, அவரே இந்தக் கூடத்தில் வாசித்துக் காட்டினார். வாத்தியக்குழுவின் பகுதியை இன்னொரு பியானோவில் ஜான் வீனர் வாசித்தார். ஒரு வருஷம் முன்பு 'லே நோஸ்' நாட்டிய இசையும் இப்படித்தான் முதலில் இங்கே கேட்கப்பட்டது.

புதுசு மட்டும்தான் என்றில்லை. 1895இல் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ராமோவின் 'தார்தானுஸ்' ஓபராவிலிருந்து பகுதிகளை இங்கே மறுபடி பாடவைத்தார். அதை அப்போது எந்த அரங்கிலும் கேட்க முடியாது. பாக்கின் ஆர்கன் படைப்புகளும் இங்கே வழக்கம்.

## பெரிய வாத்தியக்குழு போதும், சின்னது வேண்டும்

இவருடைய உண்மையான பங்களிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மானிய ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் காலத்திலிருந்து வாத்தியக்குழு பெருத்துக்கொண்டே போனது. நூறு பேர் மேடையில் உட்கார்வது சாதாரணமாகிவிட்டது. வின்னரெட்டா இளவயதில் வாக்னர் பக்தர். அவர் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவுக்குப் போய் வந்தவர். ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தில் அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியது: இந்தப் பெருக்கம் முடிந்துவிட்டது, இனி தேர்ந்தெடுத்த இருபது பேர் வாசிக்கும் சிறு படைப்புகளுக்குத் திரும்ப வேண்டும். அதைப் பல இசையமைப்பாளர்களிடம் கேட்டுப் பெறுவது என்று திட்டமிட்டார். இருபது பேர் என்பது அவர் கூடத்தில் உட்காரவைக்கக்கூடிய எண்ணிக்கையும்கூட. அழகியல் தீர்மானமும் அறையின் அளவும் இங்கே ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின.

நடைமுறை ஏறத்தாழ இப்படி: என்ன மாதிரிப் படைப்பு, எத்தனை வாத்தியம், எத்தனை நிமிடம் என்று முதலில் பேச்சு. பிறகு தொகை, ஒரு பகுதி முன்னால், மீதி இசைத்தாள் கைக்கு வந்ததும். (தவணை முறை அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம்தான்.) சமர்ப்பணம் இவர் பெயரில். அதன் பிறகு எங்கே வாசித்தாலும் படைப்பாளியின் பாடு.

முதலில் கேட்டது ஸ்ட்ராவின்ஸ்கியை. போரால் சுவிட்சர்லாந்தில் மாட்டிக்கொண்டு, ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய வருமானமும் நின்று, திண்டாடிக்கொண்டிருந்தார். 1916இல் முடித்த 'ரெனார்' என்ற நரிக்கதை அப்படி வந்தது: நான்கு ஆண் குரல்கள், சிறு வாத்தியக்குழு, அதில் தட்டி வாசிக்கும் சிம்பலம். வேடிக்கை என்னவென்றால், கூடத்துக்காகக் கேட்ட இந்தப் படைப்பு 1922இல் பாரிஸ் ஓபராவில்தான் மேடையேறியது.

அடுத்து ஸாட்டி. பிளேட்டோவின் உரையாடல்களைக் கொண்டு ஒன்று வேண்டும் என்பது இளவரசியின் யோசனை. கிரேக்கத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதை எழுதிக்கொண்டிருந்தபோது ஸாட்டி ஒரு விமர்சகருக்கு ஆபாசமான அஞ்சலட்டை எழுதி வழக்கில் மாட்டி, எட்டு நாள் சிறை என்று தீர்ப்பு வந்தது. பண உதவி செய்தவர்களில் இவரும் ஒருவர். அரைமணி நேரம் ஓடும் 'சாக்ரடீஸ்' இப்படித்தான் முடிந்தது. குரல் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. நஞ்சு குடித்துச் சாகும் காட்சியிலும் அதே நிதானம். கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

மூன்றாவது ஃபாயா, ஸ்பெயின்காரர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'டான் கிகோட்' நாவலின் இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி: சத்திரத்தில் மாயெசே பெத்ரோ என்பவர் பொம்மலாட்டம் நடத்துகிறார், பார்த்துக்கொண்டிருக்கும் டான் கிகோட், பொம்மை வில்லன்களை நிஜம் என்று நம்பி வாளை உருவி எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிடுகிறார். ஃபாயா இதையே பொம்மலாட்டமாக்கினார். சத்திரத்தில் இருக்கும் மனிதர்கள் பெரிய பொம்மைகள். அவர்கள் பார்க்கும் ஆட்டத்தில் சின்னப் பொம்மைகள். கதை சொல்லும் பையன், ஆட்டக்காரர், டான் கிகோட் என்று மூன்றே குரல்கள். வாத்தியக்குழுவின் நடுவில் ஹார்ப்சிகார்ட், அதாவது பியானோ வருவதற்கு முன் இருந்த, கம்பியை மீட்டி ஒலிக்கும் விசைவாத்தியம். நூறு வருஷத்துக்கும் மேலாக வாத்தியக்குழுவில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்த அதை, புதிய இசையில் ஃபாயா திரும்பக் கொண்டுவந்தார்.

1923 மார்ச்சில் செவில்லில் கச்சேரி வடிவில் வந்த பிறகு, ஜூன் 25 அன்று இளவரசியின் கூடத்தில் பொம்மைகளோடு அரங்கேறியது. ஹார்ப்சிகார்ட் வாசித்தவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. அங்கே வந்திருந்த இளைஞன் பூலாங்க்குக்கு அவர் அறிமுகம் கிடைத்தது. தனக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதச் சொன்னார் லாண்டோவ்ஸ்கா. அதன் விளைவு 1929இல் அரங்கேறிய பூலாங்க்கின் 'கோன்செர் ஷாம்பெத்ர்'. ஃபாயாவும் அவருக்காக ஒரு ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோ எழுதினார். இளவரசி காசு கொடுத்தது ஒரு படைப்புக்குத்தான். மற்ற இரண்டும் அந்தக் கூடத்தில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதால் வந்தவை. நன்கொடைக் கணக்கில் இது எங்கேயும் பதிவாகாது.

பெண் இசையமைப்பாளர்களை அன்றைய நிறுவனங்கள் கண்டுகொள்ளாதபோது, ஜெர்மேன் தாய்ஃபேரின் பியானோ கான்செர்ட்டோவுக்கும் இவர் ஆதரவு கொடுத்தார். தாரியுஸ் மீயோவின் 'ஓர்ஃபேயின் துயரங்கள்' என்ற சின்ன ஓபராவும் இவர் கேட்டதுதான்.

## முப்பதுகள்: பூலாங்க்கும் அகதிகளும்

1932 செப்டம்பரில் வெனிஸ் இசைவிழாவில், இரண்டு பியானோவுக்கான பூலாங்க்கின் கான்செர்ட்டோ, அவரும் ழாக் ஃபெவ்ரியேவும் வாசிக்க, அரங்கேறியது. முந்தைய வருஷம் பாரிஸ் காலனியக் கண்காட்சியில் கேட்ட பாலித்தீவு கமலான் இசையின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. வெனிஸில் பெருங்கால்வாய்க் கரையில் இளவரசிக்கு ஒரு மாளிகை உண்டு, 1900இல் வாங்கியது. இன்றும் அதன் பெயரில் போலின்யாக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1933 மார்ச்சில் நாஜிகளிடமிருந்து தப்பிப் பாரிஸ் வந்த இசையமைப்பாளர் குர்ட் வைலிடம், அதற்கு முன்பே ஒரு சிம்பொனி கேட்டிருந்தார். நாடு, பதிப்பாளர், வருமானம் எல்லாம் போன நேரத்தில் கையில் இருந்த வேலை. 1934 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் புரூனோ வால்டர் அதை நடத்தினார். ரசிகர்களுக்குப் பிடித்தது, விமர்சகர்கள் கடித்தார்கள். வைல் அதன் பிறகு சிம்பொனியே எழுதவில்லை.

இந்தக் காலத்தில் சலோனின் இசைப் பொறுப்பு கிட்டத்தட்ட நாதியா பூலான்ஜே கைக்கு வந்திருந்தது. பாரிஸில் இசையமைப்பு கற்றுக்கொடுத்து உலகப்புகழ் பெற்றவர். இளவரசியின் கூடத்தில் நடத்துநராகவும் வளர்ந்தார். பியானோ கலைஞர்களில் கிளாரா ஹாஸ்கில், தினு லிபாட்டி இருவருக்கும் இந்த வீடு பெரிய துணை.

இப்போது அந்த ஆர்கனுக்கு வருவோம். இளவரசி தானே வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு ஆர்கன் படைப்பு வேண்டும் என்று கேட்டார். முதலில் கேட்டது இளைஞர் ஜான் ஃபிரான்ஸேவை; அவர் மறுக்கவே பூலாங்க்குக்குப் போனது. பூலாங்க்குக்கு ஆர்கன் பழக்கமில்லை. லேசாக ஏதோ எழுதித் தருவதாகத் தொடங்கினார். 1936இல் நண்பரும் இசையமைப்பாளருமான ஃபெரூ கார் விபத்தில் இறந்ததும் பூலாங்க் மதநம்பிக்கைக்குத் திரும்பினார். இசையின் நிறமும் மாறியது. கேட்டதைவிடக் கனமாக, கேட்டவரால் எளிதில் வாசிக்க முடியாததாக, 1938 ஆகஸ்டில் முடிந்தது. இளவரசி அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்கன், நரம்பு வாத்தியங்கள், டிம்பனி முரசு, வேறெதுவும் இல்லை. கூடத்தில் அடங்கும் கணக்கு. 1938 டிசம்பர் 16 அன்று அந்தக் கவையே-கோல் ஆர்கனில் மோரிஸ் துரூஃப்ளே வாசிக்க, பூலான்ஜே நடத்த, தனி அரங்கேற்றம். பொது அரங்கேற்றம் 1939 ஜூனில்.

## தோற்ற கதைகளும் உண்டு

எல்லாம் பலித்தது என்று நினைக்க வேண்டாம். 1891இல் ஃபோரேவும் கவிஞர் வெர்லேனும் சேர்ந்து ஒரு இசைநாடகம் எழுதவேண்டும் என்று இவர் ஏற்பாடு செய்தார். வெர்லேன் அப்போது மருத்துவமனையில்; மருத்துவமனையிலேயே நடக்கும் ஒரு கதையை யோசித்தார், முன்பணம் கேட்டார், எழுதவில்லை. அடுத்த முயற்சி புத்தரைப் பற்றியது, அதுவும் நின்றுபோனது. நமக்கு மிஞ்சியது, அந்த வருஷம் வெனிஸில் இவர் விருந்தினராகத் தங்கி ஃபோரே எழுதத் தொடங்கிய ஐந்து வெர்லேன் பாடல்கள். கேட்டதைவிட நல்லதுதான் கிடைத்தது என்பேன்.

இன்னொரு பக்கம், இந்த முறையே ஒருவருடைய காதையும் ஒருவருடைய மனநிலையையும் நம்பி நிற்கிறது. இளவரசி கண்டிப்பானவர், பேச்சில் சிக்கனம், பலர் அவரைக் கண்டு பயந்தார்கள். இவருக்குப் பிடிக்காத இசைக்கு இந்தக் கதவு திறக்காது. மேல்முறையீடு செய்ய இடமும் கிடையாது. கேட்டவர்களும் தேர்ந்தெடுத்த சில நூறு பேர்தான். தொழிலாளி ஒருவர் 'சாக்ரடீஸை' முதல் நாள் கேட்டிருக்க வழியே இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் கலைநிறுவனங்களோடு ஒப்பிட்டால் வேகமும் துணிச்சலும் இங்கே அதிகம், நியாயம் குறைவு.

இசைக்கு வெளியே செய்தவற்றில் சில: 1911இல் பாரிஸின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக் குடியிருப்பு, முதல் உலகப் போரில் மேரி கியூரியோடு சேர்ந்து, கார்களை எக்ஸ்ரே வண்டிகளாக மாற்ற உதவி, வீடற்றவர்களுக்காக 1933இல் திறந்த, லெ கொர்பூசியே வடிவமைத்த சால்வேஷன் ஆர்மி விடுதிக்கு நிதி.

1928இல் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை நிறுவினார். அதாவது, தனிமனித விருப்பத்தில் ஓடிய வேலைக்குத் தனக்குப் பிறகும் ஒரு சட்டபூர்வமான அமைப்பு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்தவர் பாரிஸ் திரும்பவே இல்லை. 1943 நவம்பர் 26 அன்று லண்டனில் இறந்தார். அறக்கட்டளை அதே வீட்டில், இப்போது அவென்யூ ழார்ஜ்-மான்தெல் என்று பெயர் மாறிய சாலையில், இளம் இசைக்கலைஞர்களுக்கு இடமும் கச்சேரியும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எட்மோனிடமிருந்து தட்டிக்கொண்டு போனவர் இவரே என்று ப்ரூஸ்ட் எழுதினாரே, அந்த ஏலக் கதையில் வரும் மோனேயின் ஹாலந்து துலிப் தோட்ட ஓவியம் இவர் உயில்படி அரசுக்குப் போய், இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

## எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

மேற்கத்திய இசை பழக்கமில்லாதவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

1. ராவெலின் 'பாவேன்', பியானோ வடிவம். ஆறேழு நிமிடம்தான். இதில் இளவரசியின் பங்கு பெயரளவு என்பது நினைவிருக்கட்டும்.

2. பூலாங்க்கின் இரண்டு பியானோ கான்செர்ட்டோ. முதல் பகுதியின் முடிவில் வேகமெல்லாம் அடங்கி மணியொலி மாதிரி வரும் இடம்தான் கமலான்.

3. ஃபாயாவின் பொம்மலாட்டம். அரைமணிக்குக் கொஞ்சம் குறைவு. காணொளியாகவே பாருங்கள், டான் கிகோட் வாளை எடுத்த பிறகு இசை என்ன ஆகிறது என்று கவனியுங்கள்.

4. ஆர்கன் கான்செர்ட்டோ. ஹெட்போனில் தொடங்க வேண்டாம், முதல் ஒலியிலேயே தூக்கிப் போடும்.

5. 'சாக்ரடீஸ்'. இது கடைசியில். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.